‘மாஸ்கோ 2042’ நாவல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசியலும் காலப் பயணமும் கலந்த எள்ளல் நாவல் ஒன்றைச் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது விளாதீமிர் வோய்னோவிச் எழுதிய ‘மாஸ்கோ 2042’தான். பெயரைச் சொன்னதுமே கேள்விகள் வரும். பெரும்பாலும் அதே கேள்விகள். அவற்றுக்கான பதில்களை இங்கே ஒன்றாகத் தருகிறேன். கதையின் முக்கியத் திருப்பங்கள் சிலவற்றைச் சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. எதுவும் தெரியாமல் படிக்க விரும்புகிறவர்கள் முதல் இரண்டு பதில்களோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வோய்னோவிச் யார்?

1932-இல் ஸ்தாலினாபாத்தில், அதாவது இன்றைய தஜிகிஸ்தானின் துஷான்பேயில் பிறந்தவர். ஆடு மேய்த்திருக்கிறார், தச்சு வேலை பார்த்திருக்கிறார், ராணுவத்தில் விமான மெக்கானிக்காக இருந்திருக்கிறார். பிறகுதான் எழுத்து. 1960-இல் மாஸ்கோ வானொலியில் வேலை செய்தபோது விண்வெளி வீரர்களுக்காக ஒரு பாட்டு எழுதினார். நாடு முழுக்க அது பரவியது. 1962-இல் விண்வெளியிலிருந்து திரும்பிய வீரர்களை வரவேற்கும்போது, லெனின் சமாதி மேடையில் நின்றபடி சோவியத் தலைவர் குருஷ்சேவே அதன் வரிகளைச் சொன்னார். அரசு தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய பாட்டாசிரியராகவே அவர் காலம் தள்ளியிருக்கலாம்.

ஆனால் அவர் வேறு பக்கம் போனார். ஒரு அப்பாவிச் சிப்பாயை வைத்து எழுதிய போர் நாவல் சோவியத் நாட்டில் அச்சேறவில்லை, வெளிநாட்டில்தான் வந்தது. ஒடுக்கப்பட்ட எழுத்தாளர்களுக்காகப் பேசினார். 1974-இல் எழுத்தாளர் சங்கத்திலிருந்து நீக்கினார்கள். 1980 டிசம்பரில் மேற்கு ஜெர்மனிக்குப் போக வேண்டியதாயிற்று. அடுத்த ஆண்டே பிரெஷ்னேவின் ஆணையால் குடியுரிமை பறிபோனது. அது திரும்பக் கிடைத்தது 1990-இல், கோர்பச்சேவ் காலத்தில். 2018-இல் காலமானார்.

‘மாஸ்கோ 2042’ மியூனிக் பகுதியில் அவர் நாடற்றவராக வாழ்ந்த ஆண்டுகளில் எழுதியது. ரஷ்ய மொழியில் 1986-இல் வெளிவந்தது, அதுவும் அமெரிக்காவிலிருந்து.

கதை என்ன?

1982. மியூனிக்கில் வாழும் ரஷ்ய எழுத்தாளர் வித்தாலி கார்த்செவ். காலப் பயணம் இப்போது டிக்கெட் வாங்கிப் போகும் அளவுக்கு வந்துவிட்டது என்று நண்பன் ஒருவன் சொல்கிறான். விசாரித்தால், உண்மைதான், லுஃப்தான்சா விமானத்தில் போகலாம். கார்த்செவ் 60 ஆண்டு தாண்டி, 2042-ஆம் ஆண்டு மாஸ்கோவில் போய் இறங்குகிறார்.

அங்கே கம்யூனிசம் வந்துவிட்டது. ஆனால் மாஸ்கோ என்ற ஒரே ஒரு நகரத்துக்குள் மட்டும். சுற்றிலும் முள்கம்பி வேலி, ஆளைக் கண்டால் தானே சுடும் துப்பாக்கிகள். கட்சியும் உளவுத்துறையும் ஒன்றாகிவிட்டன. நாட்டின் தலைவர் ஜீனியலிசிமுஸ். அவர் மாமேதை, மாவீரர், எல்லாம். ஆனால் அவர் பூமியிலேயே இல்லை, விண்வெளியில் சுற்றிக்கொண்டிருக்கிறார். கீழே ஆட்சியை நடத்துவது அவருடைய தளபதிகள். விண்வெளி வீரர்களுக்குப் பாட்டெழுதிய அதே மனிதர்தான் இந்தத் தலைவரையும் படைத்தார் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு படித்துப் பாருங்கள்.

சோவியத் வரலாறு தெரியாதவர்களுக்குப் புரியுமா?

புரியும். இரண்டே செய்திகளைத் தெரிந்துகொண்டு போனால் போதும்.

ஒன்று, 1961-இல் நடந்த சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் 22-ஆவது மாநாடு. 1980-க்குள் கம்யூனிசச் சமுதாயம் அடிப்படையில் கட்டப்பட்டுவிடும், இன்றைய தலைமுறையே அதில் வாழும் என்று கட்சித் திட்டம் எழுத்திலேயே வாக்குக் கொடுத்தது. 1980 வந்தது. மாஸ்கோவில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. போட்டிக்கு முன்பு, வேண்டாதவர்கள் என்று கருதப்பட்டவர்களை நகரத்துக்கு வெளியே அப்புறப்படுத்தினார்கள். ‘நகரத்தைச் சுத்தம் செய்து உள்ளே மட்டும் சொர்க்கம் காட்டுவது’ என்ற நாவலின் அடிப்படைக் கற்பனை ஆகாயத்திலிருந்து விழவில்லை.

இரண்டு, தலைவர்களின் வயது. வோய்னோவிச் இதை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் பிரெஷ்னேவ் 1982-லும், அந்திரோப்பவ் 1984-லும், செர்னென்கோ 1985-லும் அடுத்தடுத்துப் பதவியிலேயே இறந்தார்கள். நடுவில் வந்த அந்திரோப்பவ் 15 ஆண்டுகள் சோவியத் உளவுத்துறையான கே.ஜி.பி.யின் தலைவராக இருந்தவர். முதியவர்களின் ஆட்சியை இளம் கே.ஜி.பி. தளபதிகள் கவிழ்ப்பதுதான் நாவலில் வரும் ‘மகத்தான ஆகஸ்ட் புரட்சி’. இப்படி நடக்கலாம் என்பதற்கான அறிகுறி அன்றைய செய்தித்தாள்களிலேயே இருந்தது.

சாப்பாட்டு விடுதிக் காட்சியைப் பற்றி எல்லாரும் பேசுகிறார்களே, அதில் என்ன இருக்கிறது?

இந்த நாவலில் உணவுக்கு முதல்நிலைப் பொருள் என்று பெயர். மலத்துக்கு இரண்டாம் நிலைப் பொருள். இரண்டாவதை ஒப்படைத்துச் சான்றிதழ் வாங்கினால்தான் முதலாவது கிடைக்கும். மக்கள் சான்றிதழோடு வரிசையில் நிற்கிறார்கள். கார்த்செவ் புதியவர், கையில் சான்று இல்லை. அவருக்குச் சாப்பாடு கிடையாது. நேற்றுச் சாப்பிடாதவன் இன்று எதை ஒப்படைப்பான் என்ற கேள்விக்கு அங்கே யாரிடமும் விடை இல்லை, கேள்வியே யாருக்கும் விசித்திரமாகப் படவும் இல்லை.

முகம் சுளிக்க வைக்கும் நகைச்சுவைதான். ஆனால் அதன் பின்னால் கடுமையான கணக்கு இருக்கிறது. ‘ஒவ்வொருவரிடமிருந்தும் அவரவர் திறனுக்கேற்ப, ஒவ்வொருவருக்கும் அவரவர் தேவைக்கேற்ப’ என்று மார்க்ஸ் 1875-இல் எழுதினார். நாவலின் மாஸ்கோவிலும் அதுவேதான் சட்டம். உங்கள் தேவை எவ்வளவு என்பதை மட்டும் நீங்கள் சொல்ல முடியாது, மேலே இருப்பவர்கள் தீர்மானிப்பார்கள். பெரும்பாலோருக்குப் பொதுத் தேவை, அதிகாரிகளுக்கு மிகுதித் தேவை. சோவியத் நாட்டில் மேலிடத்து ஆட்களுக்கென்று தனிக் கடைகளும் தனி விநியோகமும் இருந்தன. சாமானியர்கள் இறைச்சிக்கு வரிசையில் நின்றார்கள். ஒரு நல்ல வாக்கியத்தில் எழுத்தைக்கூட மாற்றாமல், அதை விளக்கும் அதிகாரத்தை மட்டும் கைப்பற்றினால் என்ன நடக்கும் என்பதை இந்த வரிசை காட்டுகிறது. அரசியலைப் பற்றி நான் படித்த பல கட்டுரைகளைவிட இது தெளிவாகச் சொல்கிறது.

காலப் பயணத்துக்கு அறிவியல் விளக்கம் உண்டா?

பெயருக்கு உண்டு. இயந்திரத்தில் அவருக்கு அக்கறை இல்லை, வாசகரும் அதைத் தேட வேண்டியதில்லை.

இதைப் பரிசோதனை நாவல் என்று ஏன் சொல்கிறார்கள்? நேரான கதை போலத்தானே இருக்கிறது?

முதல் நூறு பக்கத்துக்கு நேரான கதைதான். பிறகுதான் தரை நகர்கிறது.

2042-இல் கார்த்செவுக்குப் பெரிய வரவேற்பு கொடுக்கிறார்கள். அவருடைய நூற்றாண்டு விழா. ஏன் இவ்வளவு மரியாதை என்று அவருக்கு விளங்கவில்லை. மெல்லத் தெரியவருகிறது: அவர் எழுதிய ஒரு நாவலை அந்த ஊர் அதிகாரிகள் படித்திருக்கிறார்கள். அவர் இன்னும் எழுதாத நாவல். மாஸ்கோவுக்கு வந்துவிட்டு, 1982-க்குத் திரும்பிப் போய், இங்கே கண்டதை வைத்து அவர் எழுதப்போகும் நாவல். அதாவது நம் கையில் இருக்கும் இதே புத்தகம்.

அதிகாரிகள் ஒரு வேண்டுகோள் வைக்கிறார்கள். நாவலில் சிம் என்ற ஒரு பாத்திரம் வருகிறது. அதை நீக்கிவிடுங்கள், விழா சிறப்பாக நடக்கும். கார்த்செவ் மறுக்கிறார். உடனே விருந்தினர் மாளிகை போய்விடுகிறது, மூட்டைப்பூச்சி நிறைந்த விடுதி வருகிறது, மிகுதித் தேவைக்காரர் பொதுத் தேவைக்காரராகிறார். பசி எடுக்கிறது. இரண்டு வரியை அடித்துவிட்டால் சாப்பாடு கிடைக்குமே என்ற எண்ணம் அவருக்குள்ளேயே ஊறத் தொடங்குகிறது.

என்னைப் பொறுத்தவரை புத்தகத்தின் உயிர் இந்த இடத்தில் இருக்கிறது. பொதுவாகக் காலப் பயணக் கதைகளில் ஒருவர் கடந்த காலத்துக்குப் போய் எதையாவது மாற்றுவார், நிகழ்காலம் குலையும். வோய்னோவிச் அந்தப் புதிரைத் தணிக்கைக்குப் பயன்படுத்துகிறார். எழுதியதைத் தடை செய்யும் அரசை நமக்குத் தெரியும். இந்த அரசு இன்னும் எழுதாத வரிகளையும் திருத்தப் பார்க்கிறது. அதோடு நிற்கவில்லை. புத்தகத்தில் ஒருவன் இல்லாவிட்டால் உலகத்திலும் அவன் இருக்க மாட்டான் என்று அந்த அதிகாரிகள் மனதார நம்புகிறார்கள். எழுத்தின் மேல் இவ்வளவு நம்பிக்கை வேறு யாருக்கும் கிடையாது, அதனால்தான் இவ்வளவு பயமும். சங்கத்திலிருந்து நீக்கப்பட்டு, குடியுரிமை பறிக்கப்பட்ட ஒருவருக்கு இதைக் கற்பனையிலிருந்து எடுக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை.

‘காகிதமில்லா இலக்கியம்’ என்கிறார்களே?

2042 மாஸ்கோவில் எழுத்தாளர்கள் இரண்டு வகை. காகித எழுத்தாளர்களுக்கு ஒரே வேலை, ஜீனியலிசிமுஸின் புகழைக் கூட்டாக எழுதுவது. மற்றவர்கள் காகிதமில்லா எழுத்தாளர்கள். ஒரு கூடத்தில் வரிசையாக உட்கார்ந்து விசைப்பலகையைத் தட்டுகிறார்கள். எதிரே திரை கிடையாது. தட்டுவதெல்லாம் ஒரு பெரிய கணிப்பொறிக்குப் போகிறது, அது நல்லதைத் தேர்ந்தெடுக்கிறது என்று சொல்லப்படுகிறது. கார்த்செவ் அந்தக் கணிப்பொறியைப் பார்க்க ஆசைப்படுகிறார். அது இருப்பதாகச் சொன்ன அறைக்குள் போனால், உள்ளே கணிப்பொறியே இல்லை.

நாவலில் சில நிமிடங்களில் கடந்துபோகும் காட்சி இது. எழுதுகிறவர்கள் யாரும் அடி வாங்கவில்லை, சிறை போகவில்லை. தாங்கள் எழுத்தாளர்கள் என்ற நிறைவோடு வீட்டுக்குப் போகிறார்கள். 1980-களில் எழுதிய எள்ளலில் என்னை மிக அதிகமாக அச்சப்படுத்துவது இந்த வெற்று அறைதான்.

சிம் என்பவர் சோல்ஜெனித்சின்தானா?

ஆம், சோவியத் சிறை முகாம்களைப் பற்றி எழுதிய ரஷ்ய எழுத்தாளர் சோல்ஜெனித்சினைப் பார்த்து வரைந்த உருவம் என்பதில் சந்தேகமில்லை. சோல்ஜெனித்சின் 1974-இல் நாடு கடத்தப்பட்டு, 1976 முதல் அமெரிக்காவில் வெர்மாண்ட் மாநிலத்தின் கேவண்டிஷ் ஊரில் ஒதுங்கி வாழ்ந்தார், ரஷ்யப் புரட்சி பற்றிப் பல பாகங்கள் கொண்ட பெரும் நாவல் வரிசையை எழுதினார். நாவலின் சிம் சீமிச் கர்ணவாலவ் கனடாவில் வேலியிட்ட பண்ணையில் வாழ்கிறார், முடிவே இல்லாத ஒரு நாவலை எழுதுகிறார். ஒருநாள் ரஷ்யாவுக்குள் வெள்ளைக் குதிரையில் நுழைவேன் என்று நம்பி அதற்கு ஒத்திகை பார்க்கிறார். பண்ணையில் தப்புச் செய்தவர்களுக்குச் சவுக்கடி. பிறகு உடலை உறைய வைத்துக்கொண்டு, 2042-இல் எழுந்து வருகிறார்.

புலம்பெயர்ந்த ரஷ்யர்களில் பலருக்கு இது பெரும் கோபத்தை உண்டாக்கியது. சிறை முகாம்களின் உண்மையை உலகுக்குச் சொன்னவரை, அவர் நாடு கடத்தப்பட்டிருக்கும்போது கிண்டல் செய்யலாமா? கேள்வி நியாயமானது. வோய்னோவிச்சும் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. 2002-இல் சோல்ஜெனித்சினைப் பற்றித் தனிப் புத்தகமே எழுதித் தன் தரப்பைச் சொன்னார். அவருடைய எதிர்ப்பு, அந்த எழுத்தாளரைச் சுற்றி எழுந்த வழிபாட்டின் மேல்.

நான் வோய்னோவிச் பக்கம் நிற்கிறேன். காரணம் நாவலின் கடைசிப் பகுதியில் இருக்கிறது. சிம் வெள்ளைக் குதிரையில் வந்தேவிடுகிறார். மக்கள் ஒரே நாளில் ஜீனியலிசிமுஸின் படத்தைக் கழற்றிவிட்டு அவர் முன் மண்டியிடுகிறார்கள். புதிய ஜார் ஆணைகள் பிறப்பிக்கிறார்: ஆண்கள் தாடி வளர்க்க வேண்டும், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கூடாது. முந்தைய ஆட்சியின் ஆட்கள் சிலர் அங்கி மாற்றிக்கொண்டு அதே நாற்காலியில் உட்காருகிறார்கள். கொடுங்கோலனை மட்டும் கிண்டல் செய்திருந்தால், சோவியத் ஒன்றியம் கலைந்த 1991-உடன் இது காலாவதியாகியிருக்கும். கொடுங்கோலனை எதிர்த்து நின்றதாலேயே ஒருவர் கேள்விக்கு அப்பாற்பட்டவர் ஆகிவிட மாட்டார் என்றும் சொன்னதால்தான் இன்றும் படிக்க முடிகிறது.

ஆர்வெல்லின் ‘1984’ போன்றதா?

சிலவற்றில். ஆனால் ஆர்வெல்லின் அரசு எல்லாவற்றையும் பார்க்கிறது, எல்லாம் அதற்கு முடியும். வோய்னோவிச்சின் அரசால் ஒரு கணிப்பொறியைக்கூட வைக்க முடியவில்லை. தலைவரே மேலே மாட்டிக்கொண்டிருக்கிறார். திறமையற்ற கொடுமை எப்படி இருக்கும் என்பது அதற்குள் வாழ்ந்தவருக்குத்தான் தெரியும்.

நடந்ததை முன்கூட்டியே சொன்ன நாவல் என்பது உண்மையா?

ஒற்றுமைகள் உண்மையாகவே இருக்கின்றன. நாவலின் ஜீனியலிசிமுஸ் ஜெர்மனியில் பணியாற்றிய கே.ஜி.பி. ஆள். விளாதீமிர் புதின் 1985 முதல் 1990 வரை கிழக்கு ஜெர்மனியின் திரெஸ்தெனில் கே.ஜி.பி. அதிகாரியாக இருந்தார், 2000-இல் குடியரசுத் தலைவரானார். நாவலில் ஆகஸ்ட் புரட்சி. 1991 ஆகஸ்டில் கே.ஜி.பி. தலைவரும் சேர்ந்து ஆட்சிக் கவிழ்ப்புக்கு முயன்றார், மூன்றே நாளில் தோற்றது. நாவலில் திருச்சபை கட்சியோடு இணைகிறது. கடவுள் நம்பிக்கையைக் கைவிட வேண்டும் என்பதுதான் அதற்கு நிபந்தனை. பாதிரியாருக்கு மேஜர் ஜெனரல் பதவி. இன்றைய ரஷ்யாவில் திருச்சபைக்கும் ஆட்சிக்கும் உள்ள நெருக்கத்தைப் பார்க்கிறவர்கள் இந்தப் பக்கங்களைத்தான் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டுகிறார்கள்.

இருந்தாலும் இதை ஜோதிடம்போலப் படிப்பது நாவலைச் சின்னதாக்கிவிடும். கட்சியின் சித்தாந்தம் உள்ளீடற்றுப் போனபின் மிஞ்சுவது உளவுத்துறையும் பழம்பெருமையும்தான் என்று 1980-களில் ஒருவர் கணித்தார். அது ஆரூடம் இல்லை, அரசியல் ஆய்வு. வோய்னோவிச் இதை எச்சரிக்கையாகத்தான் எழுதினார். வருங்காலம் தான் எழுதியதுபோல் இல்லாமல் போகட்டும், தன் பெயர் கெட்டாலும் பரவாயில்லை, மக்கள் வாழ்க்கை கொஞ்சம் இலகுவானால் போதும் என்ற பொருளில்தான் புத்தகத்தையே முடிக்கிறார்.

இடதுசாரி நம்பிக்கை உள்ளவர்கள் இதைப் படிக்கலாமா?

அவர்கள்தான் முதலில் படிக்க வேண்டும். மாஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் தமிழ் நூல்களை என்.சி.பி.எச். (நியூ செஞ்சுரி புக் ஹவுஸ்) கடைகளில் மலிவு விலைக்கு வாங்கி வளர்ந்த வாசகர் கூட்டம் தமிழில் உண்டு. ரஷ்ய இலக்கியத்தின் மேல் நமக்குள்ள பாசம் அங்கிருந்து வந்தது, அது பொய்யான பாசம் இல்லை. ஆனால் அரசுப் பதிப்பகம் அனுப்பிய புத்தகங்களில் அரசு துரத்திய எழுத்தாளர்களுக்கு இடமிருக்கவில்லை. அதே நாட்டின் அதே காலத்து இன்னொரு குரலையும் கேட்டால்தான் படம் முழுமையாகும். சமத்துவம் என்ற ஆசையை வோய்னோவிச் எங்கும் ஏளனம் செய்யவில்லை. அந்த ஆசையின் பெயரைச் சொல்லிச் சான்றிதழ் கேட்டவர்களைத்தான் விடவில்லை.

குறைகள் இல்லையா?

இருக்கின்றன. பெண் பாத்திரங்கள் மெலிந்தவை. கார்த்செவுக்குத் துணையாக வரும் இஸ்கிரீனாவுக்குத் தனக்கென்று ஒரு மனம் இருப்பதைக் காட்டவே அதிக வாய்ப்பில்லை. மலம் பற்றிய நகைச்சுவை முதல் தடவை வெட்டுகிறது, ஐந்தாம் தடவை அலுக்கிறது. சிம்மின் பண்ணைப் பகுதி நீளம். உண்மை மனிதரைத் தெரியாத வாசகருக்கு அங்கே சில பக்கங்கள் நகராது.

எப்படிப் படிக்கத் தொடங்குவது?

ரிச்சர்ட் லூரி செய்த ஆங்கில மொழிபெயர்ப்பு 1987-இல் வந்தது. ரஷ்ய மொழி தெரியாதவர்கள் அதைப் படிக்கலாம். ரஷ்யப் பெயர்கள் குழப்பினால் நான்கு பேரை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: கார்த்செவ், சிம், இஸ்கிரீனா, மேலே சுற்றும் ஜீனியலிசிமுஸ். மற்றவர்கள் வரும்போது தானாகப் பழகிவிடும்.

அவ்வளவு பெரிய நாவலை உடனே எடுக்கத் தயக்கமாக இருந்தால், அவர் 1976-இல் வெளியிட்ட ‘இவான்கியாதா’ என்ற சிறு நூலில் தொடங்கலாம். எழுத்தாளர் குடியிருப்பில் தனக்கு வர வேண்டிய இரண்டு அறை வீட்டை, செல்வாக்குள்ள ஒருவர் தன் வீட்டோடு இணைத்துக்கொள்ளப் பார்த்தபோது நடந்த போராட்டத்தை அப்படியே எழுதியிருக்கிறார். காலப் பயணம் கிடையாது, விண்வெளி கிடையாது, எல்லாம் நடந்தது. அதைப் படித்துவிட்டு ‘மாஸ்கோ 2042’-க்கு வந்தால், அந்த மூட்டைப்பூச்சி விடுதிக்கான சரக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்கத் தோன்றாது.